கருப்பு வீடியோ: கட்டளை வரியில் திரைப்பதிவின் கதை

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தொண்ணூறுகளில் இருந்து கணினியில் தமிழ் அச்சுக்கோக்கும் வேலை பார்த்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பழைய எழுத்துருக்களில் அடித்த புத்தகக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற அவரே சின்னச் சின்ன நிரல்கள் செய்து வைத்திருக்கிறார். எதை எப்போது ஓட்ட வேண்டும், எங்கே கையால் திருத்த வேண்டும் என்பதற்கெல்லாம் குறிப்பு கிடையாது. எல்லாம் அவர் விரல் நுனியில்தான்.

“சார், என் லேப்டாப்ல உக்காந்து ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. நான் பதிவு பண்ணிக்கிறேன்” என்றேன்.

பதிவு செய்ய என்னிடம் ஒரு கட்டளை உண்டு. பத்து வருஷமாக என் குறிப்பேட்டில் இருக்கும் ஒற்றை வரி. எஃப்எஃப்-எம்பெக்கைக் கூப்பிட்டு, “முதல் திரையில் இருந்து, இந்த அளவில், நொடிக்கு 25 படம் எடு, மைக்கில் இருந்து ஒலியை எடு, இரண்டையும் சேர்த்து இந்தக் கோப்பில் போடு” என்று சொல்லும் வரி. தட்டினேன், எண்கள் ஓடின, பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம் அவர் செய்து காட்டினார். காபி குடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

ராத்திரி போட்டுப் பார்த்தால் முழு வீடியோவும் கருப்பு. கருப்பின் மேல் ஒரு அம்புக்குறி மட்டும் அங்கும் இங்கும் அலைகிறது. பின்னணியில் சாரின் குரல் தெளிவாகக் கேட்கிறது: “இங்க பாருங்க, இந்த ‘கொ’ எப்படி மூணா உடையுதுன்னு.” பழைய எழுத்துருக்களில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகத்தான் அந்த எழுத்து சேமிக்கப்பட்டிருக்கும். அந்தத் துண்டுகளை அவர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். எனக்குத் தெரிவது அம்பு மட்டும்தான். கோப்பு இவ்வளவு சின்னதாக இருந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கருப்பைச் சுருக்குவது சுலபம்.

தப்பு என்னுடையதுதான். புது லினக்ஸ் போட்ட பிறகு ஒரு நிமிடம்கூட ஒத்திகை பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி விடவில்லை. பத்து வருஷம் ஓடிய வரி ஏன் சத்தமே இல்லாமல் பொய் சொன்னது? தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

காகிதமே பதிவாக இருந்த காலம்

யூனிக்ஸ் பிறந்த காலத்தில் கணினிக்குத் திரை என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 போன்ற தட்டச்சு எந்திரங்கள்தான் முனையம். நீங்கள் அடிப்பதும் கணினி பதில் சொல்வதும் ஒரே காகிதச் சுருளில் அச்சாகிக்கொண்டே போகும். இன்றும் லினக்ஸில் முனையத்தை ‘டிடிஒய்’ என்று சொல்கிறோமே, அது டெலிடைப்பின் சுருக்கம்தான். அங்கே பதிவு என்று தனியாக ஒரு வேலை இல்லை. உட்கார்ந்து எழுந்தால் காகிதம் கையில் இருக்கும், கிழித்து எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு கண்ணாடித் திரை முனையங்கள் வந்தன. வேகம் கூடியது, சத்தம் குறைந்தது. கூடவே காகிதமும் போனது. மேலே உருண்டு போன வரி போனதுதான். இந்த இழப்பை ஈடுகட்ட வந்த கட்டளைதான் ‘ஸ்கிரிப்ட்’. பெர்க்லியின் 3.0 பிஎஸ்டி யூனிக்ஸில் முதலில் வந்தது. இன்றும் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. கோப்புப் பெயர் கொடுக்காவிட்டால் ‘டைப்ஸ்கிரிப்ட்’ என்று தானே வைத்துக்கொள்ளும். தட்டச்சுப் பிரதி! காகிதத்தின் ஞாபகம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கையேட்டுப் பக்கம் சொல்லும் பயனும் அழகானது: வீட்டுப்பாடத்தைத் தாமே செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டிய மாணவர்களுக்கு உதவும் என்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. உங்களுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் ஒரு போலி முனையமாக உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் போகிற எழுத்துகளைக் கடத்திவிட்டு, திரைக்குப் போவதை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைக்கும். தப்பாக அடித்து அழித்தது உட்பட எல்லாம் கோப்பில் இருக்கும். ஆனால் கடவுச்சொல் இருக்காது. கடவுச்சொல்லை அடிக்கும்போது முனையம் அதைத் திரையில் காட்டுவதில்லை, காட்டாதது பிரதியில் வராது. யாரும் பெரிதாகத் திட்டமிடாமலேயே அமைந்த பாதுகாப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடித்த நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால் அந்தப் பிரதியையே சினிமாபோல ஓட்டலாம் என்பது அடுத்த யோசனை. 2000-ஐ ஒட்டி ஜப்பானில் இருந்து ‘டிடிஒய்ரெக்’ வந்தது. நெட்ஹேக் என்ற எழுத்து வடிவ விளையாட்டை ஆடுபவர்கள் தங்கள் ஆட்டங்களை இன்றுவரை அந்த வடிவில் சேமிக்கிறார்கள். லினக்ஸின் ‘ஸ்கிரிப்ட்’ கட்டளைக்கும் ‘ஸ்கிரிப்ட்ரீப்ளே’ என்று ஒரு ஜோடி கிடைத்தது. இன்று அதே வேலையை ‘ஆஸ்கிநீமா’ செய்கிறது. இவற்றில் எதிலும் வீடியோ கிடையாது, எழுத்தும் நேரமும் மட்டும்தான். ஒரு மணி நேர வேலை பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். உள்ளே தேடலாம், நகல் எடுத்து ஒட்டலாம்.

எங்கெல்பார்ட்டின் கேமரா

இன்னொரு கிளை முற்றிலும் வேறு இடத்தில் தொடங்கியது. 1968 டிசம்பர் 9, சான்பிரான்சிஸ்கோ. டக்ளஸ் எங்கெல்பார்ட் சுமார் ஒன்றரை மணி நேரம் மேடையில் உட்கார்ந்து மவுஸ், ஹைப்பர்டெக்ஸ்ட், தூரத்தில் இருக்கும் இருவர் ஒரே ஆவணத்தில் வேலை செய்வது எல்லாவற்றையும் செய்து காட்டினார். அதன் படப்பதிவு இன்றும் இருக்கிறது, இணையத்தில் பார்க்கலாம்.

அவர்கள் ஆய்வகத்தில் கணினி சின்னச் சின்னப் படக்குழாய்களில் வரையும். ஒவ்வொரு குழாய்க்கு முன்னாலும் ஒரு டிவி கேமரா நிற்கும். அந்தக் கேமரா காட்டுவதைத்தான் மேசையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார். அதாவது அவர்கள் பார்த்த திரையே ஒரு வீடியோ! அதனால்தான் முகத்தையும் திரையையும் கலந்து காட்டுவது, மென்லோ பார்க்கில் இருந்து மைக்ரோவேவ் வழியாக அனுப்புவது எல்லாம் சாத்தியமானது. பிற்பாடு கணினித் திரை டிவி உலகத்தைவிட்டு விலகித் தனி வழியில் போனது. இரண்டையும் மறுபடி ஒட்டவைக்க முப்பது வருஷம் பிடித்தது.

கதவே இல்லாத வீடு

1984-ல் எம்ஐடியின் அதீனா திட்டத்தை ஒட்டி எக்ஸ் விண்டோ அமைப்பு பிறந்தது. 1987-ல் வந்த பதினோராம் பதிப்புதான், அதாவது எக்ஸ்11, லினக்ஸ் டெஸ்க்டாப்புகளை முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்தது.

எக்ஸின் அடிப்படை யோசனை இது. திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றையும் ஒரு சர்வர் வைத்திருக்கும். நிரல்கள் எல்லாம் அதனிடம் வாடிக்கையாளர்களாக வந்து “இங்கே கோடு போடு, அங்கே எழுத்துப் போடு” என்று கேட்கும். அப்படிக் கேட்கக்கூடிய கோரிக்கைகளில் “திரையில் இப்போது என்ன இருக்கிறது, கொடு” என்பதும் ஒன்று. உள்ளே வந்துவிட்ட எந்த நிரலும் இதைக் கேட்கலாம். யாருடைய ஜன்னல் என்ற கேள்வியே கிடையாது.

இதைப் பயன்படுத்திய ஆரம்பகால நிரல் ‘எக்ஸ்டபிள்யூடி’. ஒரு ஜன்னலையோ முழுத் திரையையோ படமாக எடுத்துக் கோப்பில் கொட்டும். அதன் கையேட்டில் ஒரு சின்ன விவரம் என்னை நிறுத்திவிட்டது. படம் எடுக்கத் தொடங்கும்போது அது ஒரு தடவை மணி அடிக்கும், முடித்ததும் இரண்டு தடவை. கேமராவின் ‘கிளிக்’ சத்தம் மாதிரி. கூடவே, சத்தம் போடாமல் எடு என்று சொல்ல ஒரு விருப்பமும் உண்டு!

பல்கலைக்கழக ஆய்வகங்களில் இது எங்கே போய் முடிந்தது என்பதை யூகிக்கலாம். எக்ஸ் வலைப்பின்னல் வழியாகவும் வேலை செய்யும். யாரை உள்ளே விடுவது என்ற தொல்லை வேண்டாம் என்று பலர் ‘எக்ஸ்ஹோஸ்ட்’ கட்டளையில் ஒரு கூட்டல் குறியைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். பக்கத்து அறையில் இருப்பவர் அந்தத் திரையைப் படம் எடுக்கலாம், ஜன்னல்களுக்கு அடியில் கரப்பான்பூச்சிகள் ஓடி ஒளியும் ‘எக்ஸ்ரோச்’ விளையாட்டை அதில் ஓட விடலாம். பூச்சி ஓடினால் சிரிப்பார்கள். படம் எடுத்தால் தெரியவே தெரியாது.

1920

படம் எடுக்க முடிந்தால் வீடியோ எடுக்கவும் முடிய வேண்டுமே? நொடிக்கு 25 தடவை எடுத்தால் போதுமே? அங்கேதான் கணக்கு இடித்தது.

பழைய முனையத் திரையில் 80 பத்தி, 24 வரி. மொத்தம் 1920 எழுத்து. இன்றைய சாதாரணத் திரையில் ஒரே ஒரு வரிசையிலேயே 1920 புள்ளி. அப்படி 1080 வரிசை. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் சுமார் 8.3 மெகாபைட். நொடிக்கு 30 படம் என்றால் சுமார் 249 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 900 ஜிகாபைட். சுருக்காமல் வைத்துக்கொள்ளவே முடியாது. அதைச் சுருக்குவதற்கான கணிப்பு வேகம் தொண்ணூறுகளின் வீட்டுக் கணினிகளில் இல்லை.

ஆகவே இரண்டு தந்திரங்கள் வளர்ந்தன. ஒன்று, சர்வருக்கும் நிரலுக்கும் பொதுவான நினைவகம் வைத்து, படத்தை வலைப்பின்னல் வழியாக அனுப்பாமல் நேரடியாகக் கைமாற்றுவது. இரண்டு, மாறிய இடத்தை மட்டும் எடுப்பது. ‘டேமேஜ்’ என்ற எக்ஸ் நீட்சி, திரையில் எந்தச் செவ்வகம் மாறியது என்று சொல்லும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலான நேரம் பெரும்பாலான இடம் அசையாமல்தான் இருக்கும். எனவே இது பெரிய லாபம்.

2006-ல் வந்த ‘ரெக்கார்ட்மைடெஸ்க்டாப்’ இதைத்தான் செய்தது. அடிப்படையில் அது ஒரு கட்டளை வரி நிரல். பொத்தான்கள் உள்ள முகப்புகள் பிற்பாடு மேலே ஒட்டப்பட்டவை. பதிவாகும்போது விவரங்களைத் தற்காலிகமாகக் கொட்டி வைத்துவிட்டு, நிறுத்திய பிறகே உட்கார்ந்து வீடியோவாகச் சுருக்கும். பத்து நிமிடம் பதிவு செய்துவிட்டு, முடிந்ததா முடிந்ததா என்று சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் அந்தக் காலத்து ஆட்களுக்கு இருக்கும். வெளிவருவது எப்போதும் ஓக் தியோராதான். காப்புரிமைக் கட்டணம் இல்லாத வடிவம் என்பதால், கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கு அது ஒரு கொள்கையும்கூட.

நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு விஷயம் இங்கே உண்டு. ஐஐடி பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் லினக்ஸ் பாடங்களைப் பதிவு செய்ய எடுத்துக்கொண்ட கருவி இதுதான். சுமார் பத்து நிமிடப் பாடங்கள். திரையில் இருப்பது ஆங்கிலத்திலேயே இருக்கும், குரலை மட்டும் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு மாற்றுவார்கள். லிப்ரே ஆபீஸையோ பைத்தானையோ தமிழ்க் குரலில் கேட்டுப் படித்த மாணவர்கள், தெரியாமலேயே இந்தச் சின்ன நிரலின் பயனாளிகள்.

என் ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் ‘எக்ஸ்11 கிராப்’ இன்னும் பழைய வம்சம். எஃப்எஃப்-எம்பெக்கில் முன்பு இருந்த அந்த மூலநிரல் கோப்பின் தலைப்பைப் பார்த்தால் ஒரு குடும்ப மரம் தெரியும். 1997-98-ல் பெர்லினில் ஒருவர் ‘எக்ஸ்விட்கேப்’ என்று தொடங்குகிறார், பிராங்க்பர்ட்டில் இன்னொருவர் தொடர்கிறார், 2006-ல் அந்தப் பகுதி எஃப்எஃப்-எம்பெக்குக்குள் வருகிறது. அதன்பின் தனி நிரலே தேவையில்லை என்றாகிவிட்டது. திரையும் ஒரு கேமராதான், மைக்கும் ஒரு குழாய்தான், ஒரே வரியில் இரண்டையும் சேர்க்கலாம். 2011-ல் எஃப்எஃப்-எம்பெக் குழு பிளவுபட்டு லிப்-ஏவி பிரிந்தது. டெபியனும் உபுண்டுவும் சில வருஷம் அந்தப் பக்கம் போய், 2015-ல் திரும்பி வந்தன. அப்போது கட்டளையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும், வரி அப்படியே ஓடும். எதுவும் இதை அசைக்காது என்று நான் நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கதவு வந்தது

ஒரு சோதனை செய்து பாருங்கள். எக்ஸ்11-ல் ஓடும் பழைய கணினியில் முனையத்தைத் திறந்து, ‘எக்ஸ்இன்புட்’ கட்டளையிடம் விசைப்பலகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு உலாவிக்குப் போய் ஏதாவது ஒரு கடவுச்சொல்லை அடியுங்கள். திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு விசையின் எண்ணும் முனையத்தில் வரிசையாக நிற்கும். நிர்வாகி உரிமை தேவையில்லை, எந்த எச்சரிக்கையும் வராது. நான் செய்து பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது.

பழைய ‘ஸ்கிரிப்ட்’ பிரதியில் கடவுச்சொல் வராது என்று சொன்னேனே, இங்கே எல்லாமே வரும். என் ஒற்றை வரி அத்தனை சுலபமாக இருந்ததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. என் நிரல் கேட்காமலே திரையை எடுக்க முடிந்தது, ஏனென்றால் எந்த நிரலும் எடுக்க முடிந்தது. நான் வசதி என்று பத்து வருஷம் அனுபவித்தது ஒரு ஓட்டை.

2008-ல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் இந்த ஏற்பாட்டை மாற்றியது. எக்ஸிலேயே வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். அங்கே ஒவ்வொரு நிரலும் தன் ஜன்னலைத் தானே வரைந்து, மேலாளர் நிரலிடம் கொடுக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துத் திரையாக்குவது மேலாளர் மட்டும். ஒரு நிரலுக்குத் தன் ஜன்னல்தான் தெரியும். “முழுத் திரையைக் கொடு” என்ற கோரிக்கையே வேலேண்டின் அடிப்படை நெறிமுறையில் இல்லை.

2016 நவம்பரில் வந்த ஃபெடோரா 25 இதை இயல்பான டெஸ்க்டாப்பாக்கியது. உபுண்டு 17.10-ல் மாறி, 18.04-ல் பின்வாங்கி, 21.04-ல் மறுபடி மாறியது. பழைய எக்ஸ் நிரல்களுக்காக வேலேண்டுக்குள் ஒரு குட்டி எக்ஸ் சர்வர் ஓடும். என் கட்டளை அந்தக் குட்டி சர்வரிடம் போய்த் திரையைக் கேட்டிருக்கிறது. அதனிடம் இருந்தது வெறும் கருப்புப் பின்னணியும் அம்பும். இருப்பதைக் கொடுத்துவிட்டது. கட்டளை பொய் சொல்லவில்லை.

மாற்றத்தின் விலையையும் சொல்ல வேண்டும். பூட்டு முதலில் வந்தது, சாவி பிறகு வந்தது. நடுவில் சில வருஷம் திரைப்பதிவு, தொலைவில் இருந்து உதவுவது, நிரல்களைத் தானாக இயக்குவது எல்லாம் திண்டாட்டம். திரையைப் படித்துச் சொல்லும் உதவிக் கருவிகளை நம்பியிருந்தவர்களுக்கு இது வசதிக்குறைவு மட்டும் அல்ல, வேலையே நின்றுபோகும் விஷயம். க்னோமுக்குள் ஒரு பதிவு வசதி இருந்தது, ஆனால் அமைப்பை மாற்றாவிட்டால் 30 நொடியில் நின்றுவிடும். கெர்னலிடம் இருந்தே படத்தை எடுக்க எஃப்எஃப்-எம்பெக்கில் ஒரு வழி உண்டு, அதற்கு நிர்வாகி உரிமை கேட்கும்.

2017-ல் அறிமுகமான பைப்வயர் முதலில் வீடியோ ஓட்டத்தை நிரல்களுக்கு இடையே பாதுகாப்பாகக் கடத்தத்தான் வந்தது, ஒலியைப் பிறகுதான் கையில் எடுத்தது. அதோடு ‘போர்ட்டல்’ என்ற இடைத்தரகர் சேர்ந்தார். நிரல் போர்ட்டலிடம் கேட்கும், போர்ட்டல் மனிதரிடம் கேட்கும்: எந்தத் திரை, எந்த ஜன்னல், சம்மதமா? ஸ்வே போன்ற மேலாளர்களில் ‘டபிள்யூஎஃப்-ரெக்கார்டர்’ என்று தனிக் கட்டளையே இருக்கிறது. ஆப்பிளும் 2019-ல் மேக்ஓஎஸ் கேட்டலினாவில் திரைப்பதிவுக்கு அனுமதி கேட்கத் தொடங்கியது.

மறுபடியும் சார் வீட்டில்

ஒரு வாரம் தயங்கிவிட்டு சாருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். “நீ வா தம்பி, இங்க வந்து எடு” என்றார்.

இந்த முறை அவர் கணினி, அவர் மேசை. முதலில் முனையத்தில் ‘ஸ்கிரிப்ட்’ கட்டளையை நேரக் குறிப்போடு ஓட விட்டேன். அவர் அடிக்கும் கட்டளைகளாவது எழுத்தாக மிஞ்சும், தேடவும் செய்யலாம். துண்டாகும் ‘கொ’வுக்குப் படம் வேண்டும், அதற்குப் போர்ட்டல் வழியாகக் கேட்கும் ஒரு பதிவு நிரல். கட்டளையைத் தட்டியதும் திரை நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது.

“யார்கிட்ட கேக்குது இது?” என்றார்.

“உங்ககிட்டதான் சார். உங்க திரையை நான் எடுக்கலாமான்னு கேக்குது.”

மவுஸை எடுத்தவர் கையை நிறுத்தினார். “இரு” என்றார். உலாவியில் வங்கிப் பக்கம் ஒன்று திறந்திருந்தது, அதை மூடினார். மருமகளிடம் இருந்து வந்த மின்னஞ்சல் ஒன்று திறந்திருந்தது, அதையும் மூடினார். டெஸ்க்டாப்பை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “ம், இப்ப எடுத்துக்கோ” என்று சம்மதத்தை அழுத்தினார்.

ஐந்து நிமிடம் ஆனதும் நிறுத்தச் சொல்லி, போட்டுப் பார்த்தேன். படம் இருந்தது. பிறகுதான் மீதியை எடுத்தோம். வீடியோ ஒன்றேகால் மணி நேரம், டைப்ஸ்கிரிப்ட் சுமார் 200 கிலோபைட். கருப்பு வீடியோவையும் அழிக்கவில்லை. அதில் அவர் சொன்ன இரண்டு விஷயங்களை இரண்டாம் முறை சொல்ல மறந்துவிட்டார். அந்த இடங்களைக் குரலில் கேட்டு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.